லாம்டனுக்குச் சிலை போதும், அவர் நிறுத்திய புள்ளிகளைக் காப்பாற்றுங்கள்: இந்தியத் தலைமை நில அளவருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
இந்தியத் தலைமை நில அளவர் அவர்கள்,
இந்திய நில அளவைத் துறை, டேராடூன்.

பார்வைக்கு: தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, நில அளவை மற்றும் நிலவரித் திட்டத் துறை, சென்னை.

பொருள்: பெரும் முக்கோணவியல் அளவையின் தொடக்ககால நிலைப்புள்ளிகளைத் தமிழ்நாட்டில் கண்டறிந்து, பட்டியலிட்டுக் காத்தல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மாநில நில அளவைப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். தங்கள் துறை 1767-ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டாடுகிறது. அதன் அறிவியல் பெருமைக்கு அடித்தளமான பணி, அதாவது நாட்டை முக்கோணங்களாகப் பின்னி அளந்த பெரும் முக்கோணவியல் அளவை, 1802-இல் சென்னைக்கு அருகே, பரங்கிமலையின் அடிவாரச் சமவெளியில் தொடங்கியது என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அப்பணியைத் தொடங்கிய லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லாம்டனுக்குப் பரங்கிமலையின்மேல் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் ஒரு நில அளவனுடைய வாழ்நாள் உழைப்பு அவன் முகத்தில் தங்கியிருப்பதில்லை, அவன் கருவியை நிறுத்தி அளந்து, நிலத்தில் குறித்துவிட்டுச் சென்ற நிலைப்புள்ளிகளில்தான் தங்கியிருக்கிறது. அந்தப் புள்ளிகள் எவை, எங்கே உள்ளன, எவை அழிந்தன, எவை எஞ்சியுள்ளன என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரே இடத்தில் தமிழில் வெளியிடுங்கள் என்பதும், எஞ்சியவற்றைச் சட்டப்படி காக்க மாநில அரசுடன் சேர்ந்து ஏற்பாடு செய்யுங்கள் என்பதுமே என் கோரிக்கை.

கோரிக்கையின் நியாயம் விளங்க, லாம்டனின் பணிவாழ்வைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். பிறந்த ஆண்டைப் பற்றிக்கூட ஒருமித்த கருத்தில்லை, 1753-க்கும் 1756-க்கும் இடையில் என்பார்கள். 1781-இல் படையில் சேர்ந்து வட அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நியூ பிரன்சுவிக் பகுதியில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்தார். நமது நத்தம் அளவையில் மனை பிரித்துக் கொடுக்கும் அளவரின் வேலையைத்தான் அவரும் தம் தொடக்க நாட்களில் செய்தார் என்பது எங்கள் துறையினருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. அக்காலத்தில் ஒரு சூரிய கிரகணத்தைக் காப்புக் கண்ணாடி இல்லாமல் தொலைநோக்கியில் பார்த்ததால் அவருடைய இடக் கண் பழுதுபட்டது. பிற்காலத்தில் தென்னிந்தியா முழுவதையும் அளந்த கோணங்களை அவர் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார்.

ஆர்தர் வெல்லெஸ்லியின் 33-ஆம் படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது, பதவியோ இன்னும் லெப்டினன்ட்தான். படை முகாமில் அதிகம் பேசாத, கணிதமும் வானியலும் படித்துக்கொண்டிருந்த மனிதராகவே அவரை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தனர். 1799-இல் நடந்த நான்காம் மைசூர்ப் போரில், ஜெனரல் பேர்டின் படை இரவில் வழி தவறித் திப்பு சுல்தானின் முகாம் இருந்த திசையிலேயே நடந்துகொண்டிருந்தது என்றும், விண்மீன்களைப் பார்த்து அதைக் கண்டுகொண்ட லாம்டன் தளபதியிடம் எச்சரித்தார் என்றும், முதலில் நம்ப மறுத்த தளபதி பின்னர் திசைகாட்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்றும் ஒரு செய்தி அவருடைய வரலாற்றில் தவறாமல் இடம்பெறுகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது 1799 மே மாதம். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கம்பெனியின் கைக்குப் போனது, அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். லாம்டன் சென்னைக்கு அருகே சங்கிலியை விரித்தது 1802 ஏப்ரல் 10 அன்று. இந்த நாட்களின் வரிசையே அவருடைய வேலை ஏன் அப்போது தொடங்கியது என்பதற்கு விடை. இரு கடல்களுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் புதிதாக ஓர் அதிகாரத்தின் கீழ் வந்திருந்தது, படை நடத்தவும் வரி வாங்கவும் அதற்கு நம்பத்தக்க வரைபடம் தேவைப்பட்டது. அவருக்கு ஆதரவு தந்த சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவும் வெல்லெஸ்லியும் அறிவியலுக்காக மட்டும் பணம் ஒதுக்கியவர்கள் அல்லர். தாங்கள் வைக்கும் எந்தப் பலகையிலும் இந்தப் பின்னணி இடம்பெற வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இது விடுபட்ட பலகையைத் தமிழ்நாட்டில் படிப்பவர் யாரும் மதிக்கமாட்டார்.

எனினும் லாம்டன் முன்வைத்த திட்டம் படைக்குத் தேவையான வரைபடத்தோடு நிற்கவில்லை. அவர் காலத்திலேயே கர்னல் காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை ஊர் ஊராக அளந்து, ஏரி, பாதை, கோட்டை, மக்கள், வரலாறு என்று அனைத்தையும் திரட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் பின்னாளில், 1815-இல், தாங்கள் இன்று வகிக்கும் பதவியின் முதல் அலுவலரானார். லாம்டன் கேட்டது வேறு. தீபகற்பத்தின் குறுக்கே கடலிலிருந்து கடல்வரை முக்கோணங்களைப் பின்னி, எந்த ஊரின் இடத்தையும் ஐயமின்றிச் சொல்லும் ஒரு சட்டகத்தை அமைக்க வேண்டும், அதே அளவைகளைக் கொண்டு பூமியின் வடிவத்தையும் கண்டறிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பது அன்று ஐரோப்பிய அறிவியல் கழகங்கள் தீர்க்க முயன்றுகொண்டிருந்த கேள்வி. நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளில் ஒரு பாகை நீளம் எவ்வளவு என்று துல்லியமாக அளந்தவர் அப்போது மிகச் சிலரே.

வேலை செய்யும் முறை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். சமதளத்தில் ஒரு நேர்கோட்டை மிகமிகக் கவனமாக அளக்க வேண்டும், அதுவே அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களில் ஒன்று அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடாகும். இப்படியே போனால் நிலத்தில் மீண்டும் சங்கிலி போடாமல் நூற்றுக்கணக்கான மைல் போகலாம். ஆனால் முதல் கோட்டில் ஓர் அங்குலம் பிழைத்தால் அந்தப் பிழையும் கூடவே வளர்ந்துகொண்டு போகும். ஆகையால்தான் பரங்கிமலைக் கோடு முக்கியமானது.

அக்கோட்டை அளந்த எஃகுச் சங்கிலி 100 அடி நீளமும் இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பதும் கொண்டது. லண்டனில் ராம்ஸ்டன் என்ற புகழ்பெற்ற கருவி வினைஞர் செய்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு போய், அங்கே ஏற்கப்படாமல் திரும்பி, தூதுக்குழுவில் இருந்த டின்விடி என்பவர் வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் லாம்டன் கைக்குக் கிடைத்தது. சென்னையின் சித்திரை வெயிலில் எஃகு நீளும். எனவே சங்கிலியைத் தரையில் போடாமல், முக்காலிகளின்மேல் மட்டமாக நிறுத்திய மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு கிடப்புக்கும் வெப்பத்தைக் குறித்துத் திருத்தம் செய்தார்கள். இப்படி நானூறு முறை. பெரும்பாக்கம் குன்றை நோக்கித் தெற்கே ஓடிய அந்தக் கோட்டின் நீளம் 40,006 அடி, ஏறத்தாழ ஏழரை மைல் என்று முடிவானது. வயல்வெளியில் மூன்று சங்கிலி தூரம் நேராகப் போய் அளவு ஒத்து வந்தாலே நிம்மதிப் பெருமூச்சு விட்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த நானூறின் கனம் தெரியும்.

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. வில்லியம் கேரி என்பவர் செய்த அக்கருவியின் வட்டத் தட்டு 36 அங்குல விட்டம் கொண்டது, எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய்விட்டனர். பெட்டியைத் திறந்து பார்த்து அறிவியல் கருவி என்று கண்டதும், அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் மரியாதைக் கடிதத்தோடு அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். இரு நாடுகளும் போரில் இருந்த காலத்தில் நிகழ்ந்தது இது.

கருவி வந்தபின் வேலை விரைந்தது. முதலில் சோழமண்டலக் கரையில் கடலூர்ப் பக்கம்வரை இறங்கி, ஒரு சிறு நெடுக்கோட்டு வில்லை, அதாவது தெற்கு வடக்காக ஓடும் கோட்டின் ஒரு துண்டை, அளந்தார். பிறகு மேற்கே திரும்பி மங்களூர்வரை போனார். 1804-இல் பெங்களூருக்கு அருகே ஒரு கோடு நேரடியாகச் சங்கிலியால் அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நேரில் அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு 3.7 அங்குலம். ஏழு மைல் கோட்டில் ஒரு சாணுக்கும் குறைவு! அதுவரை வரைபடங்களில் 400 மைல் என்று காட்டப்பட்டுவந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்பதும் இந்தப் பயணத்தில் தெரியவந்தது. கம்பெனி தன் உடைமையில் நாற்பது மைலை ஒரே கணக்கில் இழந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

செலவு கூடுகிறது என்று சென்னையில் முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குப் போக நினைக்கிறவன் பல்லக்குத் தூக்குவோரின் தலைவனிடம் சொன்னால் போதும், லாம்டனின் வரைபடம் இல்லாமலேயே போய்ச் சேரலாம் என்று நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவர் கேலி செய்ததாக அளவையின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கேலியில் அவரே அறியாத ஓர் உண்மையும் உண்டு: நாட்டை அறிந்தவர்கள் பல்லக்குத் தூக்கியவர்கள்தாம். லாம்டனுக்கும் வழி காட்டியவர்கள் அவர்களைப் போன்றவர்களே.

பின்னர் தொடங்கியது, உலகம் அவரை நினைவில் வைத்திருக்கும் பணி. ஏறத்தாழ 78-ஆம் தீர்க்கக் கோட்டை ஒட்டித் தெற்கு வடக்காக ஓடும் பெருவில் அது. பெங்களூருக்கு அருகிலிருந்து தெற்கே இறங்கி, கொங்கு நாட்டின் வழியே, திருநெல்வேலிச் சீமையைக் கடந்து, குமரிமுனைக்கு அருகே புன்னை என்று பதிவான இடம்வரை முக்கோணங்கள் சென்றன. கோவைப் பகுதியில் பச்சாபாளையத்தில் விண்மீன்களை நோக்கி அகலாங்கு கணித்தார்கள். அவர் தென்முனையை எட்டிய 1809-ஆம் ஆண்டு, பக்கத்துத் திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டுமாகும்.

இடையில், 1808-இல், தஞ்சாவூரில் நடந்ததைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நில அளவரும் அறிந்திருக்க வேண்டும். காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. தென்னந்தோப்பும் வயலுமான அந்தச் சமவெளியில் தொலைவு பார்க்கக் கோயில்களை விட்டால் வேறு உயரம் இல்லை. ஆகவே அரை டன் தியோடலைட்டைப் பெரிய கோயிலின்மேல் கயிறும் கப்பியும் கொண்டு ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. ஊசலாடிய கருவி கல்லில் மோதி, கோணத்தைக் காட்டும் வட்டத் தட்டே நெளிந்துபோனது. அப்படி நெளிந்த கருவியால் இனிக் கோணம் அளக்க முடியாது என்றே எவரும் முடிவு கட்டியிருப்பார்கள், புதியது வர ஆண்டுகள் ஆகும். லாம்டன் யாரையும் குறை சொல்லாமல் பொறுப்பைத் தாமே ஏற்றார். கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்து, கைவினைஞர்கள் சிலரை மட்டும் உள்ளே விட்டு, ஆப்பும் திருகும் கொண்டு தட்டை மயிரிழை மயிரிழையாகப் பழைய வட்டத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார். பணி தொடர்ந்தது. அதே தியோடலைட்டோடுதான் அவர் பின்னர் தக்காணத்துக்குப் போனார்.

வடக்கே கூத்தி, பீதர் என்று வில் நீண்டது. 1817-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. பிரெஞ்சு அறிவியல் கழகமும் தொடர்பு உறுப்பினராக ஏற்றிருந்தது. 1818-இல் அளவை சென்னை அரசிடமிருந்து கவர்னர் ஜெனரலின் பொறுப்புக்கு மாறி, 'பெரும் முக்கோணவியல் அளவை' என்ற பெயரைப் பெற்றது, ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளம் அலுவலர் அவருக்குத் தலைமை உதவியாளராக வந்தார். லாம்டன் இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை, இங்கேயே குடும்பமும் அமைத்துக்கொண்டார். எழுபது வயதை ஒட்டிய நிலையிலும் களத்தில் இருந்தவர், தலைமையிடத்தை மேலும் வடக்கே மாற்றப் போகும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவர் முக்கோணங்களால் கட்டியிருந்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கும் மேல்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். மேலே நான் சொன்ன பணிவாழ்வில் தமிழ்நாட்டுக்கு உரிய பகுதி சிறிதல்ல. அடிக்கோட்டின் இரு முனைகள், கடலூர்ப் பக்கத்துக் கரையோர நிலைகள், தஞ்சையும் படுகையின் பிற கோபுரங்களும், கொங்கு நாட்டுக் குன்றுகள், திருநெல்வேலி அடிக்கோடு, புன்னை ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். இவற்றுள் எத்தனையின் இன்றைய நிலை தங்கள் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது? பதிவு இருந்தால் அது ஏன் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் தாசில்தாருக்கும் தெரியவில்லை? பாறையில் வெட்டிய சிறு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும், சில இடங்களில் கல்லால் கட்டிய ஒரு மேடையும்தான் இந்த நிலைகளின் அடையாளம். தெரியாதவர் கண்ணுக்கு அது விளையாட்டாகச் செதுக்கிய கீறல். குவாரி உரிமம் கொடுப்பவரும், குன்றின் உச்சியில் கைப்பேசிக் கோபுரம் நிறுத்த இடம் பார்ப்பவரும், கோயில் திருப்பணியில் தளம் போடுபவரும் தெரிந்தே அதை அழிப்பதில்லை. அங்கே அது இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

காப்பதற்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் 1923-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு விவசாயி தன் வரப்போரத்துச் சர்வே கல்லைப் பிடுங்கினால் அபராதம் விதிக்க எங்களுக்கு அதில் அதிகாரம் இருந்தது, விதித்தும் இருக்கிறோம். நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டுமானங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கத் தொல்லியல் சட்டங்களிலும் இடம் உண்டு. ஒரு புன்செய் நிலத்தின் மூலைக் கல்லுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அந்த நிலத்தின் புலப்படத்துக்கே (வயல் வரைபடத்துக்கே) ஆதாரமான நிலைப்புள்ளிக்குக் கிடைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் சட்டக் குறை அல்ல, பட்டியல் இல்லாத குறை.

பட்டியல் தயாரிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, அதைத் தீர்க்க உள்ளூர் ஆட்களைத்தான் நம்ப வேண்டும். அக்கால ஆங்கிலப் பதிவுகளில் ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் போன்ற பெயர்களை அவற்றில் எளிதில் அடையாளம் காணலாம், பல பெயர்களை அப்படிக் காண முடியாது. அகலாங்கு, தீர்க்காங்கு இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். அவை எவரெஸ்ட் நீள்கோளம் எனப்படும், பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியின் மீதும் பழைய சென்னை வானாய்வகத்தின் தீர்க்காங்கைத் தொடக்கமாகக் கொண்டும் கணிக்கப்பட்டவை. அவற்றை இன்றைய செயற்கைக்கோள் அளவையின் ஆயத்துக்கு (இடங்களைக் குறிக்கும் அடிப்படைச் சட்டகத்துக்கு) மாற்றும் கணக்கு தங்கள் துறைக்கு எளிது, எங்களுக்கு எளிதல்ல. மாற்றிய எண்களைத் தாங்கள் வெளியிட்டால், அந்த எண்ணின் நாற்புறமும் தேடிப் பாறையைக் கண்டுபிடிக்கும் வேலையை நாங்கள் செய்துவிடுவோம். ஓய்வு பெற்ற நில அளவர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள், ஆடு மேய்ப்பவர்களும் பூசாரிகளும் அவர்களுக்கு வழி சொல்வார்கள்.

இது காலனிய அலுவலர் ஒருவரின் புகழ்பாடும் வேலை என்று சிலர் எதிர்க்கக்கூடும். நான் மேலே சொன்ன ஆண்டுகளின் வரிசையைப் பலகையில் எழுதுங்கள் என்று கேட்டதே அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதால்தான். ஆயினும் இந்தப் புள்ளிகள் லாம்டனுக்கு மட்டும் உரியவை அல்ல. அவர் தம் அறிக்கைகளில் உதவியாளர்களான வாரன், கேட்டர் போன்ற அலுவலர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 1794-இல் சென்னையில் தொடங்கிய அளவைப் பள்ளியில் பயின்று அவரிடம் சேர்ந்த ஜோசுவா டி பென்னிங், ஆலிவர், ரோசன்ரோட் ஆகியோரின் பெயர்களும் கிடைக்கின்றன. ஆனால் தஞ்சையில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? குன்றின் உச்சிக்கு அரை டன் கருவியைத் தோளில் சுமந்தவர்கள், காட்டை வெட்டிப் பார்வைக் கோடு திறந்தவர்கள், காய்ச்சல் காலத்தில் தொலைவிலிருந்த குன்றில் கொடியோடு நாட்கணக்கில் காத்திருந்தவர்கள், கூடாரத்துக்குள் அழைக்கப்பட்ட அந்தக் கைவினைஞர்கள் யார்? நான் படித்தவற்றில் அவர்கள் 'லஸ்கர்கள்' என்றும் 'கூலிகள்' என்றும் கூட்டமாகவே வருகிறார்கள். சம்பளப் பட்டியல்களில் பெயர்கள் இருக்கக்கூடும். தங்கள் துறையின் ஆவணங்களையும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துத் தேட ஓர் ஆய்வாளருக்குத் துறையே பொறுப்புத் தர வேண்டும். என்னோடு வெயிலில் நடந்த செயின்மேன்களின் பெயர் எந்தப் புலப்படத்திலும் இல்லை என்பதால் இதை நான் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

செயற்கைக்கோளும், அதன் குறிகளை இடைவிடாது வாங்கும் தொடர் நோக்கு நிலையங்களும் வந்துவிட்ட காலத்தில் பாறைப் புள்ளி எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அளவைக்குத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருவிகளே இப்போது ஓர் அரிய வாய்ப்பையும் தருகின்றன. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே இன்று நேர்கோட்டில் பார்க்க முடியாது, அடுக்குமாடிகள் மறைக்கும். செயற்கைக்கோள் ஏற்பிக்கு அந்தப் பார்வை தேவையில்லை. முனைகள் இரண்டும் உறுதியாக அடையாளம் காணப்பட்டால், சில மணி நேர நோக்கில் அதே கோட்டைத் திரும்ப அளந்து லாம்டனின் 40,006 அடியோடு ஒப்பிடலாம். அந்த வேலையைக் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர்களிடம் கொடுங்கள். 1794-இன் அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி அது. முனைகளில் ஒன்று அழிந்துவிட்டது என்று தெரிந்தாலும் அதையும் வெளிப்படையாக அறிவியுங்கள். இல்லாத இடத்தில் புதுக் கல் நட்டு, அதுவே பழையது என்று சொல்லிவிட வேண்டாம்.

பலகைகளின் வாசகத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். 'எவரெஸ்ட் சிகரம் இங்கிருந்துதான் அளக்கப்பட்டது' என்ற வகையில் எழுதுவது இப்போது வழக்கமாகிவருகிறது. லாம்டன் இமயத்தைப் பார்த்ததில்லை. அவர் இறந்து முப்பது ஆண்டு கழிந்தபின், அவர் தொடங்கிய முக்கோணங்கள் வடக்கே நீண்டு, ராதாநாத் சிக்தார் போன்றவர்களின் கணக்குகள் வழியே அந்த உயரம் தெரியவந்தது. பரங்கிமலைக்குப் பெருமை சேர்க்க இமயத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. நானூறு கிடப்பும் 3.7 அங்குலமும் போதும். தமிழில் முதலாவதாகவும் பெரிய எழுத்திலும் எழுதுங்கள். நுங்கம்பாக்கத்தில் பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூணில் 1792-லேயே தமிழ் பொறிக்கப்பட்டிருக்கிறது, இப்போது அதைவிடக் குறைவாகச் செய்வது அழகல்ல.

கடைசியாக, தஞ்சாவூர். பெரிய கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, வழிபாடும் நடக்கிறது. ஆகவே 1808-இன் செய்தியைச் சொல்லும் பலகையைக் கோயிலின் சுவரிலோ மதிலிலோ பொருத்த வேண்டாம், வெளியே வாகனம் நிறுத்துமிடத்தின் பக்கம் வையுங்கள். கருவி மோதிய இடம் இதுதான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் ஏதாவது ஒரு கல்லைக் காட்டத் தொடங்கிவிடாதபடி, எந்த இடம் என்று ஆவணத்தில் உறுதியானால் ஒழியக் குறிப்பிட வேண்டாம். அறுந்த கயிற்றையும் நெளிந்த தட்டையும் ஆறு வாரத்தையும் சொல்லி, அன்று மேலே நின்று கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் கிடைத்தால் அவற்றை லாம்டனின் பெயருக்கு இணையான அளவு எழுத்தில் பொறியுங்கள். கிடைக்கும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.